பெட்டி ஏறியிருந்தது: மண்டபம் கரையில் ஏழு பேர் கூடி வாசிக்கத் தொடங்கிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் உள்ள ஒரு கடலோர ஊரில், வாசிப்பைத் தொழிலாகக் கொள்ளாத ஏழு பேர் ஓர் ஏப்ரல் மாதம் கூடி வாசிக்கத் தொடங்கினார்கள். அடுத்த பொங்கலன்று மாலை ஊர் மேடையில் 25 நிமிடம் வாசித்தார்கள். இடையில் இரண்டு முறை கூட்டம் கலையப் பார்த்தது. எந்த முடிவு எதற்காக எடுக்கப்பட்டது, அதனால் என்ன ஆனது என்பதன் பதிவு இது. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் விடப்பட்டுள்ளன.

ஆர்மோனியம் (பேச்சில் ‘பெட்டி’) வாசிப்பவர் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர். அறுபதைத் தாண்டியவர், மார்கழி பஜனையை நெடுங்காலமாக நடத்துபவர். எல்லோருக்கும் ‘ஐயா’. கீபோர்டுக்காரர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். மாதா கோயில் பாடற்குழுவில் வளர்ந்தவர். டோலக் அடிப்பவர் ஆட்டோ ஓட்டுகிறார், முளைப்பாரி ஊர்வலங்களில் பழகிய கை. புல்லாங்குழல் ஒரு பள்ளி ஆசிரியர், மூன்று வருடம் முறையாகக் கற்றவர். கிட்டார் ஒரு கல்லூரி மாணவர். பாட்டுக்கு இருவர். ஒருவர் தையல் வேலை செய்யும் பெண், இளையவர்களுக்கு ‘அக்கா’. மற்றவர் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகும் ஐம்பது வயது மீனவர். சின்ன வயதில் கரைவலை இழுத்தவர், வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டு தெரிந்தவர்.

இராமநாதபுரம் என்றால் கச்சேரி உலகத்துக்கு ‘பூச்சி’ சீனிவாச அய்யங்கார் (1860–1919), மிருதங்கத்தில் சி.எஸ்.முருகபூபதி என்ற பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். கரைக்கு வந்தால் கதை வேறு. இங்கே பாட்டு பஜனை மடத்திலும், மாதா கோயிலிலும், கரைவலைக் கயிற்றிலும் வளர்ந்தது. ஒரு வரி எங்கே முடியும் என்று தீர்மானிப்பது மூன்றிலும் வேறு வேறு. பஜனையில் முன்பாட்டுக்காரர் கை காட்டினால் முடியும். பாடற்குழுவில் தாளில் எழுதிய இடத்தில் முடியும். அம்பாவில் கயிறு வந்தால்தான் முடியும். முதல் மாதம் இது யாருக்கும் உறைக்கவில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

தொடக்கம்: தடைக்கால இரவுகள்

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு நின்றுவிட்டால் கூலிக்குப் போகிறவருக்கு மட்டுமல்ல, ஐஸ் கம்பெனிக்கும் ஆட்டோவுக்கும் வேலை படுத்துவிடும். கூட்டம் அந்த ஓய்வில் பிறந்தது.

இடமாக முதலில் பார்த்தது சமுதாயக் கூடம். கான்கிரீட் சுவரில் டோலக் ஒலி மோதித் திரும்பி, இரண்டு பேர் அடிப்பது போலக் கேட்டது. இரண்டாம் நாளே வலை பின்னும் கொட்டகைக்கு மாறினார்கள். ஓலைக் கூரை, மணல் தரை, மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு வலைக் குவியல். எதிரொலியை வலை விழுங்கிவிட்டது. கருவாட்டு வாடையைச் சகித்துக்கொண்டால் ஒத்திகைக்கு இதைவிட நல்ல அறை அந்த ஊரில் இல்லை.

முதல் பத்து நாள் தினமும் இரவு 7 முதல் 10 வரை கூடினார்கள். ஆளுக்கு மூன்று நான்கு பாட்டு கொண்டுவந்ததில் பட்டியல் 23 ஆனது. பத்து நாளில் ஒரு பாட்டுகூட எடுப்பிலிருந்து முடிவு வரை நிற்காமல் போகவில்லை. பதினோராம் நாள் நான்கு பேர்தான் வந்தார்கள்.

பதிவைக் கேட்டபோது

வந்த நால்வரும் வாசிக்கவில்லை. முந்தைய இரவுகளில் கைப்பேசியில் பதிந்ததை உட்கார்ந்து கேட்டார்கள். இந்தக் கூட்டத்தில் உருப்படியாக நடந்த முதல் காரியம் அதுதான். வாசிக்கும்போது அவரவர் காது அவரவர் கருவியில் இருக்கும். பத்தடி தள்ளி, குறுக்குக் கழியில் கட்டிய கைப்பேசிக்கு அந்தப் பாசம் கிடையாது.

மூன்று கோளாறு தெரிந்தது. பாடுகிறவர் குரல் கேட்கவில்லை. பாட்டு போகப் போக ஓடியது. நீண்ட சுரங்களில் எல்லாம் ஒரு நடுக்கம் இருந்தது.

குரல் கேட்காதது எளிதில் தீர்ந்தது. அதுவரை எல்லோரும் ஒரே வரிசையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். லாட வடிவில் மாற்றி, பாடுகிற இருவருக்கும் நேர் எதிரே ஆறடியில் டோலக்கை வைத்தார்கள். டோலக்கின் பெரிய தலையில் ஒரு துண்டு கட்டப்பட்டது. கீபோர்டின் ஒலியளவு கால்வாசிக்கு மேல் போகக்கூடாது. மைக் இல்லாமல் பாடும் அக்காவின் சொற்கள் டோலக்காரருக்குப் புரிய வேண்டும், புரியாவிட்டால் அவர் கையைத் தணிக்க வேண்டும். இதற்கு மேல் விதி எதுவும் போடவில்லை.

சுருதி

நடுக்கத்துக்குக் காரணம் குழல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். குழல் வாயால் ஊதுவது, ஏறும் இறங்கும் என்பது பொதுவான எண்ணம். ஆசிரியரும் அப்படியே நம்பி, குழலை வெளிப்பக்கம் உருட்டி ஊதி ஊதி, அரைமணியில் உதடு சோர்ந்துபோனார். வெளியே உருட்டினால் சுருதி ஏறும், உள்ளே உருட்டினால் இறங்கும். ஒரு சுரத்துக்குச் செய்யலாம், ஒரு பாட்டு முழுக்கச் செய்ய முடியாது.

கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை இறக்கி ஒவ்வொரு கருவியாக அளந்தார்கள். கீபோர்டின் 6 கட்டை (கட்டை என்பது சுருதியைக் குறிக்கும் எண், மேற்கத்திய முறையில் இது A) 440 ஹெர்ட்ஸ். கிட்டார் அதற்குச் சேர்த்தது. குழல் ஓரிரு ஹெர்ட்ஸ் முன்பின். ஐயாவின் ஆர்மோனியத்தில் அதே 6 கட்டை 446. கீபோர்டும் பெட்டியும் சேர்ந்து அந்தச் சுரத்தைப் பிடித்தால் நொடிக்கு ஆறு முறை ஒலி அலையடிக்கும். பதிவில் கேட்ட நடுக்கம் இதுதான். ஓர் அரைச்சுரத்தை (பெட்டியில் அடுத்தடுத்த இரு விசைகளுக்கு இடையிலான தூரம்) நூறு பங்காக்கினால் சுமார் 23 பங்கு ஏற்றம். 440க்குச் சேராத பழைய பெட்டிகள் புழக்கத்தில் நிறைய உண்டு. தனியாக பஜனைக்கு வாசிக்கும்வரை அது குறையே அல்ல, பாடுகிறவர் பெட்டியோடு சேர்ந்துகொள்வார். இன்னொரு நிலைச்சுருதிக் கருவி பக்கத்தில் வந்தால்தான் தெரியும்.

‘ஐயா, உங்க பெட்டி ஏறியிருக்கு’ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அளந்தது அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில். மறுநாள் எப்படியோ அவர் காதுக்கு எட்டியது. தன் பின்னால் பெட்டியைத் திறந்து சோதித்தார்கள் என்பதுதான் அவருக்கு உறுத்தியது.

எடுத்த முடிவு இது. எந்தக் கருவியால் இறங்கி வர முடியாதோ அதற்கு மற்றவை இணங்க வேண்டும். கீபோர்டில் நுண்சுருதி மாற்றம் உண்டு, 440ஐ 446 ஆக்க அரை நிமிடம் போதும். கிட்டாருக்குச் செயலியில் அளவை 446 என்று வைத்துச் சேர்க்கலாம். டோலக்குக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஆனால் குழலும் பெட்டியும் இரண்டுமே அசையாதவை. ஆகவே பாட்டுகள் இரண்டாகப் பிரிந்தன. பெட்டி உள்ள பாட்டில் குழல் இல்லை, எல்லோரும் 446. குழல் உள்ள பாட்டில் பெட்டி இல்லை, எல்லோரும் 440.

கணக்கு சரியாக வந்தது, மனிதரை விட்டுவிட்டது. குழல் பாட்டுகளில் ஐயாவுக்கு ஜால்ராவைக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு வாரம் அவர் வரவில்லை. அவர் இல்லாத கொட்டகைக்கு டோலக்காரரும் வரவில்லை. கூட்டம் கலையப் பார்த்த முதல் தடவை இது.

கீபோர்டுக்காரர் வீட்டுக்குப் போய்ப் பேசியபின் பெட்டியையே சரிசெய்வது என்று முடிவானது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது. மதுரையில் பழுது பார்ப்பவரிடம் ஐயாவே கொண்டுபோனார். 42 விசை உள்ள பெட்டி, விசைக்கு இரண்டு ரீடு (ஒலிக்கும் பித்தளை நாக்கு), ஆக 84 ரீடு. பித்தளை ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். இங்கே எல்லாம் இறக்க வேண்டியவை என்பதால் அடிப்பக்க வேலை. எல்லா ரீடும் ஒரே அளவு ஏறியிருக்கவில்லை, சில 12 பங்கு, சில 30. உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்து ஊமையான மூன்று ரீடுகளை மாற்றினார்கள். பன்னிரண்டு நாளில் பெட்டி 440க்குத் திரும்பியது.

கரையில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ரீடுக்கு எண்ணெய் போடக்கூடாது, தூசி ஒட்டிக்கொண்டு அதுவே ஊமையாக்கும். உலர்ந்த மெல்லிய தூரிகையும், ரீடுக்கு அடியில் நுழையும் ஒரு காகிதத் துண்டும் போதும். இந்தப் பெட்டி இப்போது பருத்தித் துணி சுற்றி மூடிய மரப்பெட்டிக்குள், ஆறு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. மாதம் ஒருமுறை மணிகளைப் பொட்டலத்திலிருந்து கொட்டிச் சட்டியில் இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பக் கட்டுகிறார்கள்.

ஆண் குரலும் பெண் குரலும்

இருவரும் சேர்ந்து பாட ஆசைப்பட்ட பாட்டு ஒன்று பட்டியலில் இருந்தது. மீனவருக்கு வாகான கட்டையில் எடுத்தால் அக்காவுக்கு அடியில் குரலே வராது. அக்காவுக்கு எடுத்தால் மீனவர் கழுத்து நரம்பு புடைக்கும். வாய்ச்சண்டையாகப் போகாமல் பெட்டியில் அளந்தார்கள்.

இடப்பக்கத்திலிருந்து ஸ்தாயிகளை (பன்னிரண்டு அரைச்சுரம் ஒரு ஸ்தாயி) எண்ணினால், மீனவர் சிரமமின்றிப் பாடியது முதல் ஸ்தாயி 6 கட்டையிலிருந்து மூன்றாம் ஸ்தாயி 3 கட்டை வரை. அக்கா பாடியது இரண்டாம் ஸ்தாயி 5 கட்டையிலிருந்து நான்காம் ஸ்தாயி 1 கட்டை வரை. இருவரும் ஒரே சுரத்தில் சேர்ந்து பாடக் கிடைப்பது ஒன்பது அரைச்சுரம்தான், ஒரு ஸ்தாயிக்கும் குறைவு. மீனவர் ஒரு ஸ்தாயி கீழே நின்று அதே மெட்டைப் பாடினால் பதினைந்து அரைச்சுரம் கிடைக்கிறது. பாட்டு சட்ஜமத்திலிருந்து (ச) மேல் ரிஷபம் (ரி) வரை போவது, பதினான்கு அரைச்சுரம். 6 கட்டையிலும் 6½ கட்டையிலும் மட்டும் அடங்கும். கிட்டாருக்கு 6 கட்டையில் திறந்த தந்திகள் கிடைக்கும், 6½ என்றால் கேப்போ (தந்திகளை அழுத்தும் கவ்வி) மாட்ட வேண்டும். 6 என்று வைத்தார்கள்.

ஆசிரியரிடம் 6 கட்டைக் குழல் இல்லை, இருந்தது 2 கட்டைக் குழல். பாட்டு அரிகாம்போதி ராகச் சாயல். 2 கட்டைக் குழலின் பஞ்சமம் (ப) தான் 6 கட்டை என்பதால், பஞ்சமத்தைச் சட்ஜமமாக வைத்துச் சங்கராபரண ராக விரல்களிலேயே வாசித்துவிட்டார். புதுக் குழல் வாங்கும் செலவு மிச்சம்.

ஓட்டம்

பதிவில் ஒரு பாட்டை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்தார்கள். 92இல் தொடங்கி, நான்கு நிமிடம் கழித்து 108இல் முடிந்திருந்தது. யாரும் ஓட்டியதாக ஒப்புக்கொள்ளவில்லை.

இடம் பார்த்துக் கேட்டபோது தெரிந்தது. டோலக்காரர் ஒவ்வொரு வரி முடிவிலும் ஓர் உருட்டு போடுவார். உருட்டு முடிந்து சமத்தில் (தாளம் மறுபடி தொடங்கும் இடம்) விழும்போது தலைமுடி அளவு முன்னே விழும். ஊர்வலத்தில் இது தேவை, நடக்கிறவர்களை உந்தித் தள்ள வேண்டும். உட்கார்ந்து வாசிக்கும்போது நாற்பது வரிக்கு நாற்பது தள்ளல் சேர்ந்துவிடுகிறது.

உருட்டை அறவே எடுத்துவிடச் சொன்னது முதலில் எடுத்த தவறான முடிவு. அடி உயிரற்றுப்போனது, அவர் முகமும் அப்படியே. பிறகு பல்லவிக்குத் திரும்புமுன் ஒன்று, சரணத்துக்கு முன் ஒன்று என்று இடம் குறித்துக் கொடுத்தார்கள். தாளமானிச் செயலியை 92இல் வைத்து ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் அடித்தார். அடுத்த வாரம் 46ஆகக் குறைத்து, ஒன்றுவிட்டு ஒரு தட்டை மட்டும் கேட்டு அடித்தார். இடையிலுள்ள அடியைத் தானே சுமக்கும்போதுதான் கை பழகுகிறது. மூன்றாம் வாரப் பதிவில் 92 தொடங்கி 95இல் முடிந்தது. 95 போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த அளவு ஏற்றம் உயிருள்ள கை அடித்ததற்கு அடையாளம்.

அம்பா

பெரும் குழப்பம் அம்பாவில்தான். மீனவர் ஓர் அடி எடுப்பார், மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்க வேண்டும். கிட்டார் மாணவர் நான்கு நான்காக எண்ணி கார்டு (சுரக்கூட்டு) மாற்றினார். மீனவர் ஒரு முறை நான்கில் முடிப்பார், அடுத்த முறை ஆறில், பிறகு ஐந்தில். எண்ணிக் கொடுக்கச் சொன்னால் பாட்டே வரவில்லை. உட்கார்ந்துகொண்டு பாடவும் வரவில்லை.

ஒரு நாள் கொட்டகைத் தூணில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்து இழுத்தபடி பாடச் சொன்னார்கள். புரிந்துவிட்டது. அடியின் நீளத்தை அவர் வாய் தீர்மானிக்கவில்லை. இடுப்பு பின்னால் சாய்ந்து, கை மாறி, கால் மணலில் ஊன்றிய பிறகுதான் வாங்குகிறவர்களுக்கு இடம் விடுகிறார். வலை கனத்தால் அடி நீளும். கால் ஊன்றும் அந்தச் சின்ன ‘தொப்’ சத்தம்தான் சைகை.

இந்தப் பாட்டுக்கு மட்டும் எண்ணிக்கை கைவிடப்பட்டது. கார்டு மாற்றமே கிடையாது. கீபோர்டும் பெட்டியும் சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் பிடிக்க வேண்டும், கிட்டார் அதே இரண்டு சுரங்களைத் தட்ட வேண்டும். டோலக்கில் ஒற்றை அடி, அதுவும் கால் ஊன்றும் இடத்தில். எல்லோர் கண்ணும் மீனவரின் இடது காலில். பாடற்குழுவில் வளர்ந்த கீபோர்டுக்காரருக்குத் தாளைப் பார்க்காமல் காலைப் பார்ப்பது பழக மூன்று வாரம் ஆனது.

சுருதியிலும் ஒரு சங்கதி இருந்தது. துணையின்றிப் பாடிப் பழகியவர் என்பதால் 1½ கட்டைக்கும் 2 கட்டைக்கும் இடையில் எங்கோ எடுத்து, மூன்று நிமிடத்தில் அரைச்சுரம் ஏறிவிடுவார். நடுவில் நிறுத்தித் திருத்துவதால் பயன் இல்லை. தொடங்குமுன் அரை நிமிடம் பெட்டியின் 1½ கட்டை அவர் காதருகே ஒலித்தபடி இருக்கும். ஐயா துருத்தியை நிறுத்தாமல் பாட்டு முழுக்க அதைப் பிடிப்பார். ஏற்றம் நின்றது. பெட்டி சரியாகி வந்தபின் ஐயாவுக்கு இந்தப் பாட்டில் கிடைத்த இடம், ஜால்ராவால் வந்த மனத்தாங்கலையும் ஆற்றியது என்றே படுகிறது.

தடை நீங்கியபின்

ஜூன் 15க்குப் பிறகு நாலு கூடலில் சேர்ந்தாற்போல் ஏழு பேர் ஒரு நாளும் இல்லை. இங்கே விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் போகும், போனால் மறுநாள் காலைதான் திரும்பும். படகு போகும் நாளில் ஐஸ் கம்பெனிக்காரருக்கும் வேலை மும்முரம். அக்காவின் பிரச்சினை வேறு. இரவு 10 மணிக்கு முடியும் ஒத்திகைக்கு வீட்டில் மறுப்பு வந்துவிட்டது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, வருவதைக் குறைத்துக்கொண்டார். கூட்டம் கலையப் பார்த்த இரண்டாம் தடவை.

வாராவாரம் ‘எப்போது வசதி’ என்று கேட்டு நாள் குறிப்பதை நிறுத்தினார்கள். பெட்டியில் செய்த அதே கணக்கைப் போட்டார்கள். யாரால் நேரத்தை மாற்றவே முடியாது? மீனவராலும் அக்காவாலும். அவர்களுக்குத் தோதான ஞாயிறு மாலை 6 முதல் 8 வரை என்று நிலையாக வைத்து, மற்ற ஐவரும் இணங்கிக்கொண்டார்கள். எட்டு மணிக்குப் பாட்டு பாதியில் இருந்தாலும் நிறுத்தம்.

பாட்டு எண்ணிக்கை 23இலிருந்து ஐந்தானது. பாட்டுக்கு ஒரு தாள்: கட்டை, தாளம், வேகம், யார் எடுப்பது, இடையிசை எத்தனை ஆவர்த்தம் (தாளச் சுற்று), யார் பார்வையில் முடிப்பது. வரிகளைவிட இந்தக் கடைசிக் குறிப்புதான் அதிகம் உதவியது. பக்திப் பாட்டு எந்தக் கோயிலுடையது என்ற பேச்சு ஒருமுறை எழுந்தது. முதல் மூன்று பாட்டு எந்தக் கோயிலையும் சேராதவை, அதன்பின் பஜனைப் பாட்டு ஒன்று, மாதா பாட்டு ஒன்று, இரண்டிலும் எல்லோரும் வாசிப்பது என்று அரை மணியில் முடிந்தது.

இருவர் இருவராகப் பழகுவது எதிர்பாராமல் வந்த பலன். காற்று எச்சரிக்கை வந்து மீன்துறை டோக்கன் கொடுக்காத நாளில் மீனவரும் ஐயாவும் பகலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். எடுப்பும் முடிப்பும் இப்படிப்பட்ட நாள்களில்தான் இறுகின.

வாடை

அக்டோபரில் வாடைக்காற்று தொடங்கியதும் டோலக் தோல் ஈரம் குடித்துத் தொங்கியது. நெருப்பில் காட்டுவது ஊர்வலப் பழக்கம். தோல் சட்டென்று இறுகி விளிம்பில் கிழியும், ஒரு தலை அப்படியே போனது. அதன்பின் 40 வாட் குண்டு பல்பை இரண்டடி தள்ளி வைத்து இருபது நிமிடம் காட்டி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கால் சுற்று வீதம் முடுக்கினார்கள். வரிசையாக முடுக்கினால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். நட்டுகளுக்கு கிரீஸ். கிட்டாரின் மெல்லிய மூன்று தந்திகள் மாதமொருமுறை மாற்ற வேண்டியிருந்தன, துடைக்காமல் உறையில் போட்டால் மூன்று வாரத்தில் துரு. இந்தச் செலவுகளுக்கு வாரம் ஆளுக்கு 50 ரூபாய். மாணவருக்கு விலக்கு.

மேடை

பொங்கல் விளையாட்டுப் போட்டிப் பரிசளிப்புக்கு முன் 25 நிமிடம் கிடைத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. பரிசளிப்பு இழுத்துக்கொண்டு போகும் என்பதால் 7 மணிக்கே கேட்டு வாங்கினார்கள். சினிமாப் பாட்டு வாசிக்க உரிமை வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். கட்டணம் வாங்காமல் பார்வையாளர் முன் பயில்முறைக் குழு நிகழ்த்துவதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது.

மைக் செட்காரரிடம் நான்கு மைக், இரண்டு பெட்டி ஸ்பீக்கர், இரண்டு குழாய் ஸ்பீக்கர். மாலை 4 மணிக்கே போய்ச் சோதித்ததால் மூன்று சங்கடம் முன்பே தீர்ந்தன. கீபோர்டில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் இருந்தது. கீபோர்டு ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறொரு பிளக்கிலும் இருந்தன. இரண்டையும் ஒரே பலகைக்கு மாற்றியதும் நின்றது. ‘எக்கோ’ வைக்காவிட்டால் மேடை மாதிரி இருக்காது என்றார் மைக் செட்காரர். அம்பாவுக்கு அது கால் ஊன்றும் இடத்தையே மங்கடித்துவிடும் என்று விளக்கி அணைக்க வைத்தார்கள். மேடையில் தங்கள் ஒலி தங்களுக்கே கேட்கவில்லை. ஒரு பெட்டி ஸ்பீக்கரைத் திருப்பிப் பாடுகிறவர்களை நோக்கிச் சாய்த்து, அதில் குரலும் ஆர்மோனியமும் மட்டும் குறைவாகக் கொடுத்தார்கள். ஊளை வராதிருக்க மைக்கின் முதுகு ஸ்பீக்கரைப் பார்க்கும்படி வைத்தது. மைக் பங்கீடு: பாடுகிறவருக்கு இரண்டு, பெட்டிக்கு மேலே ஓரடியில் ஒன்று, குழலுக்கும் டோலக்குக்கும் நடுவில் ஒன்று. கடைசிப் பங்கீடு தவறு. குழல் அமுங்கிப்போனது.

மூன்றாம் பாட்டு தொடங்கிய எட்டாவது அடியில் உடைந்தது. முந்தைய பாட்டுக்காகக் கீபோர்டுக்காரர் தன் கருவியின் சுருதியை (டிரான்ஸ்போஸ்) இரண்டு அரைச்சுரம் ஏற்றி வைத்திருந்தார். அதைத் திரும்ப வைக்கவில்லை. பெட்டி ஒரு சுருதி, கீபோர்டு ஒரு சுருதி. அக்கா பாடவே தொடங்காமல் நிறுத்தினார், சிரித்தார். ஐயா சட்ஜமத்தைப் பிடித்தார், மறுபடி எடுத்தார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது பின்னால் விசாரித்ததில் தெரிந்தது.

அம்பாவுக்கு முன்வரிசையில் இருந்த வயதானவர்கள் கேட்காமலே ‘ஏலேலோ’ வாங்கினார்கள். ஒத்திகையில் ஆறு பேர் வாங்கியது, அங்கே நூறு பேர். இடது காலைப் பார்க்க யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, ஆனால் சரியான இடத்தில் வாங்கினார்கள்.

அதன் பின்

மாணவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். கிட்டார் இல்லாமல் கீபோர்டு இடக்கை அந்த வேலையைச் செய்கிறது. தவில் வாசிக்கும் இளைஞர் ஒருவர் சேர வந்தார். ஓலைக் கொட்டகைக்குள் தவிலுக்கு முன் வேறெதுவும் கேட்காது. கஞ்சிராவுக்கு மாறச் சம்மதித்தார். உடும்புத் தோல் கஞ்சிரா 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூடாது. செயற்கைத் தோல் வாங்கினார்கள், வாடையில் தொங்காதது கூடுதல் வசதி. தைக்குப் பிறகும் ஞாயிறுக் கூடல் தொடர்கிறது. பாட்டு ஏழாகியிருக்கிறது.

மறுபடி தொடங்கினால்

முதல் நாளே பாட்டு எடுக்காமல், எல்லாக் கருவிகளையும் எல்லோர் முன்னிலையிலும், உடையவர் கையாலேயே ஒலிக்கவிட்டு அளக்க வேண்டும். பெட்டியை ஐயாவே அமுக்கி 446ஐத் தன் கண்ணால் பார்த்திருந்தால் இரண்டு வாரம் வீணாகியிருக்காது.

தடைக்காலத்தில் தொடங்கியது சரிதான். ஆனால் அந்த நேர ஒழுங்கில் தினமும் கூடிப் பழகியது தவறு. ஜூன் 15க்குப் பிறகு எது ஓடுமோ அந்த நாளையும் நேரத்தையும் ஏப்ரலிலேயே வைத்திருக்க வேண்டும்.

மேடையில் குழலுக்குத் தனி மைக், டோலக்குக்கு மைக்கே வேண்டாம்.

கீபோர்டின் மேல்விளிம்பில் இப்போது ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது: ‘டிரான்ஸ்போஸ் 0?’ ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் ஐயா பெட்டியில் சட்ஜமம் கொடுப்பார். கீபோர்டுக்காரர் ஒரு விரலால் அதே சுரத்தைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் டோலக்காரர் கையைத் தூக்கலாம்.